தண்ணீர் கேட்காத பூ

நசீமுன்னிசா கட்டிய சேஹ்ரா இல்லாமல் ஆம்பூரில் ஒரு மாப்பிள்ளை நிக்காஹ்வுக்கு உட்கார்ந்தால் அவன் வெளியூர்க்காரனாக இருக்க வேண்டும். சேஹ்ரா என்றால் மாப்பிள்ளையின் நெற்றியில் கட்டி, முகம் தெரியாமல் மார்புவரை தொங்கவிடும் பூத்திரை. நாற்பது சரம், ஐம்பது சரம் என்று வீட்டின் வசதிக்குத் தகுந்தபடி இருக்கும். மல்லிகையும் ரோஜாவும் கலந்து அவள் கட்டினால், மாப்பிள்ளை குதிரையில் ஏறி இறங்கினாலும் ஒரு சரம் சிக்காது.

அவளுடைய புருஷன் அப்துல் வஹாப் ஜட்கா ஓட்டுகிறவர். ரயிலடிக்கும் தோல் பதனிடும் ஷாப்புகளுக்கும் இடையே நாள் முழுக்க வண்டி ஓடும். குதிரையின் பெயர் ராணி. மூன்று பேரும் பெரிய கஷ்டமில்லாமல் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் வானம் பொய்த்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், அடுத்தடுத்து இரண்டு வருஷம் மழையே இல்லை. பாலாற்றில் மணல் மட்டும் இருந்தது. தோல் ஷாப்புக்காரர்கள் கிணற்றை மேலும் மேலும் தோண்டினார்கள். ஆற்றோரத் தோட்டங்களில் மல்லிகைச் செடி இலையை உதிர்த்துவிட்டுக் குச்சியாக நின்றது.

அவளுக்குப் பூ கொண்டுவருகிறவர் காசிநாதன். ஐம்பது வயது, தலையில் கூடை, வாயில் ஓயாத பேச்சு. ஒரு நாள் காலை அவர் வாசலில் வந்து கூடையை இறக்கியபோது அடியில் ஒரு கை மல்லிகைதான் கிடந்தது.

"இவ்ளோதானா அண்ணே?"

"இதுக்கே நாலு தோட்டம் சுத்தினேன் தங்கச்சி. ஒரு தோட்டக்காரன் கிணத்தைக் காட்டி, நீயே எறங்கிப் பாருன்றான். எறங்கிப் பாத்தா தவளை கூட காலி பண்ணிட்டுப் போய்ட்டுது."

அந்த வாரம் நடந்த கல்யாணத்துக்கு அவள் காகிதப் பூவை நடுநடுவே வைத்துக் கட்டினாள். மாப்பிள்ளைக்கு வியர்த்தது, காகிதத்தின் சிவப்புச் சாயம் கரைந்து வெள்ளைச் சட்டையில் ஒழுகியது. யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மாசி மாதத்தில், ஊருக்கு வெளியே ரயில்வே இஞ்சினீர் துரை குடியிருந்த பங்களாவிலிருந்து ஒரு பெட்டியை ஸ்டேஷனில் சேர்க்கும்படி அப்துல் வஹாபுக்கு வேலை வந்தது. துரை வேறு ஊருக்கு மாற்றலாகிப்போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. போகும் வழியில் ஒரு கல்யாண வீட்டில் இறங்க வேண்டியிருந்ததால் நசீமுன்னிசாவும் ஜட்காவில் ஏறிக்கொண்டாள். காவல்காரன் பெட்டியை எடுத்துவர உள்ளே போனான். அவள் திரைச்சீலையை விலக்கித் தோட்டத்தைப் பார்த்தாள்.

தோட்டம் செத்துக் கிடந்தது. ரோஜாவெல்லாம் முள்ளுக் குச்சி. புல் சாம்பல் நிறம். ஆனால் கேட்டுக்குப் பக்கத்தில், சரளைக்கல் கொட்டியிருந்த ஒரு மூலையில், முழங்கால் உயரத்தில் செடிகள் நின்று கொளுத்தும் வெயிலில் பூத்துக்கொண்டிருந்தன. ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய பூ. நடுவில் கருஞ்சிவப்பு, இதழின் நுனியில் மட்டும் மஞ்சள், சரிகைக் கரை வைத்ததுபோல். சாமந்திக்கு உறவு என்று பார்த்ததுமே தெரிந்தது.

"இதுக்கு யாருப்பா தண்ணி ஊத்தறது?" என்று அவள் கேட்டாள்.

பெட்டியோடு வந்த காவல்காரன் சிரித்தான். "எனக்குக் குடிக்கவே அரை மைல் நடக்கணும்மா. இதுக்கு வேற ஊத்துவேனா? தொரைசாணியம்மா சீமையிலேர்ந்து விதை வரவழைச்சிப் போட்டாங்க. பேரு என் வாயில நுழையல. அவங்க போனப்புறம்தான் இது ஜாஸ்தியாப் பூக்குது."

நசீமுன்னிசா இறங்கிப் போய் ஒரு பூவைப் பறித்து முகர்ந்தாள். வாசனை இல்லை. கசப்பான பச்சிலை நெடி லேசாக அடித்தது. ஆனால் சாயங்காலம் கல்யாண வீட்டிலிருந்து திரும்பும்போதும் அந்தப் பூ அவள் கையில் வாடாமல் இருந்தது. அவளுக்கு அது போதும். மறுநாள் புருஷனை நச்சரித்து மறுபடியும் பங்களாவுக்குப் போனாள். இதழ் உதிர்ந்த பூவெல்லாம் முள்ளம்பன்றிக் குட்டிபோல் உருண்டையாகக் காய்ந்திருந்தன. காவல்காரனிடம் கேட்டுக்கொண்டு அவற்றை ஒரு துணி நிறையப் பறித்து வந்தாள்.

விதைப்பது அவளுக்குப் புது வேலை. கொல்லையில் பாத்தி கட்டினாள். ஆட்டெரு போட்டுக் கொத்தினாள். விதையை விரல் ஆழத்துக்குப் புதைத்து, மேலே மண்ணைத் தட்டி, குழந்தையைத் தூங்கவைப்பதுபோல் தடவிக்கொடுத்தாள். இருபது நாள் பார்த்தாள். ஒன்றும் முளைக்கவில்லை.

"விதையைப் போட்டியா, மய்யத்தைக் குழியில அடக்கினியா?" என்று கேட்டார் அப்துல் வஹாப். "அவ்ளோ ஆழத்துல இருந்தா அதுக்கு விடிஞ்சது எப்படித் தெரியும்?"

அவளுக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் அடுத்த தடவை விதையை மேலாகத் தூவிவிட்டு மூடாமல் விட்டாள். ஒன்பதாம் நாள் பாத்தி பச்சை கட்டியது. அவள் தரையில் கால் பாவாமல் நடந்தாள். அரிசி கழுவிய தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர், தொழுகைக்கு ஒளூ செய்த தண்ணீர் எல்லாம் பாத்திக்கே போயிற்று. செடிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. இலை நாக்கு நாக்காக நீண்டது. மொட்டு மட்டும் வரவில்லை. பிறகு ஒரு காலையில் பார்த்தால் பாதிச் செடி தலை சாய்ந்து கிடந்தது. பிடுங்கிப் பார்த்தாள். வேர் கறுத்து, கையில் கொழகொழவென்று வந்தது.

அவள் பாத்தியின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். காசிநாதன் வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"வாசனை இல்லாத பூ, வந்தா என்ன, வராட்டி என்ன? வுடு தங்கச்சி. எவன் வாங்குவான் இதை?"

அவள் எழுந்தாள். ராணிக்குத் தண்ணீர் வைக்க லாயத்துப் பக்கம் போனாள். லாயத்துக்குப் பின்னால் உடைந்த ஓடும் கல்லும் கொட்டிய இடம். மாசியில் விதைத் துணியை அங்கேதான் உதறியிருந்தாள். ராணி எட்டிய வரைக்கும் புல்லையும் பூண்டையும் வழித்துத் தின்றிருந்தது. ஓட்டுச் சில்லுகளுக்கு நடுவே நாலு செடி மட்டும் வாய் படாமல் நின்றன. நாலிலும் மொட்டு. ஒன்றில் பூ விரிந்தே இருந்தது.

"அண்ணே, இங்க ஓடி வாங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் காசிநாதன் கூடையைக் கவிழ்த்துவிட்டு ஓடிவந்தார்.

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்தச் செடிகளையே பார்த்தாள். ஒருத்தரும் ஒரு சொட்டு ஊற்றவில்லை. எரு இல்லை. குதிரைக்கும் பிடிக்கவில்லை. "பாத்தீங்களா? நான் பாசம் வச்சதுதான் தப்பு" என்றாள். "சோறு போட்டுக் கெடுத்திருக்கேன்."

அன்று மத்தியானமே அவள் ஹயாத் பாஷாவின் தோல் ஷாப்புக்குப் போனாள். ஹயாத் பாஷா பெரிய வியாபாரி, பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. அவருடைய ஷாப்புக்குப் பின்னால் கால் ஏக்கர் கல்லாங்குத்து நிலம் சும்மா கிடந்தது. தோல் பதனிட்டு மிஞ்சிய ஆவாரம்பட்டைச் சக்கையை அதன் ஒரு பக்கத்தில் மலைபோல் குவித்திருந்தார்கள்.

"அங்கேயா? பூவா?" என்று அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "பத்து வருஷமா அங்க கோரைகூட மொளைக்கல நசீம். சரி, போட்டுக்கோ. நஷ்டம் அந்த இடத்துக்கு இல்ல."

கையில் மிஞ்சியிருந்த விதை முழுவதையும் அவள் அங்கே தூவினாள். முளைக்கிற வரைக்கும் விடியலில் ஒரு தடவை தண்ணீர் தெளித்தாள். நாலு இலை விட்டதும் நிறுத்திக்கொண்டாள். நிறுத்துவதுதான் கஷ்டமாக இருந்தது. சித்திரை வெயிலில் செடிகள் மத்தியானம் துவளும்போது குடத்தோடு ஓடலாமா என்று கை பரபரக்கும். அப்துல் வஹாப் குடத்தை எடுத்து ஜட்காவில் ஒளித்துவைத்துவிட்டு வேலைக்குப் போவார். சாயங்காலம் செடிகள் தாமாகவே நிமிர்ந்து நிற்கும். தெருவில் திரிந்த ஆடுகள் வந்து மோந்து பார்த்தன, தும்மிவிட்டுப் போயின. வேலி கட்டும் செலவும் மிச்சம்.

ஆனி பிறந்தபோது அந்தக் கல்லாங்குத்து பற்றி எரிவதுபோல் இருந்தது. பறிக்கப் பறிக்கப் பூத்தது. இரண்டு நாள் பறிக்காமல் விட்டால் விதை பிடித்துப் பூ குறைந்துபோகும் என்பதை அவள் கண்டுகொண்டாள். தோல் ஷாப்பில் வேலை முடிந்து போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஹயாத் பாஷா தன் நிலத்தைத் தானே நம்பாமல் தினமும் இரண்டு தடவை வந்து பார்த்தார்.

அந்த மாதம்தான் அவருடைய மகள் ஷஹீன் பானுவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பேரணாம்பட்டு மஹபூப் பாஷா. நசீமுன்னிசா ஒரு கூடை பூவோடு பெண்ணின் தாய் முனவ்வர் பேகத்தைப் பார்க்கப் போனாள். முனவ்வர் பேகத்துக்கு வாசனைதான் உயிர். அவள் வீட்டு மிளகாய்த்தூள் டப்பாவில்கூட அத்தர் வாசனை அடிக்கும் என்று ஊரில் கேலி செய்வார்கள்.

அவள் ஒரு பூவை எடுத்து மூக்கருகில் கொண்டுபோய் உடனே கீழே வைத்தாள். "பார்க்க ஜோர்தான். ஆனா சேஹ்ராவுக்கு ஆகாது. மல்லி இல்லாத சேஹ்ராவா? சம்பந்திங்க என்ன நினைப்பாங்க? பட்டணத்துலேர்ந்து ரயில்ல மல்லி வருது. நீ அதுல கட்டு. இதை வேணும்னா வாசல்ல தொங்கவிடு."

"சரிங்க ஆபா" என்றாள் நசீமுன்னிசா. மனசு சுருங்கியது. ஆனாலும் அந்தப் பூவில் பன்னிரண்டு நீளச் சரம் கோத்து, கல்யாணத்துக்கு முதல் நாளே ஷாமியானா வாசலில் தொங்கவிட்டாள்.

கல்யாணத்தன்று பத்து மணி ரயிலில் மல்லிகைக் கூடைகள் வந்தன. அப்துல் வஹாப்தான் ஜட்காவில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஈரச்சாக்கைப் பிரித்ததும் புளித்த வாடை குப்பென்று அடித்தது. வெயிலில் ரயிலின் இரும்புப் பெட்டிக்குள் வெந்து, அத்தனை பூவும் வேகவைத்த வெங்காயம்போல் பழுப்பாகக் கிடந்தது. முனவ்வர் பேகம் கூடையைப் பார்த்தாள், நசீமுன்னிசாவைப் பார்த்தாள், தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நிக்காஹ் எத்தனை மணிக்குங்க ஆபா?"

"சாயங்காலம், அஸர் தொழுகை முடிஞ்சதும்."

"அப்ப நேரம் இருக்குது" என்றாள் நசீமுன்னிசா, புர்காவை எடுத்து மாட்டிக்கொண்டே.

காசிநாதனையும் இழுத்துக்கொண்டு கல்லாங்குத்துக்குப் போனாள். உச்சி வெயில். இருவரும் குனிந்து பறித்தார்கள். வாசனை இல்லாத பூவை எவன் வாங்குவான் என்று கேட்டவர் இப்போது, "இந்தப் பக்கம் நல்லாப் பூத்திருக்குது பாரு, இதை வுட்டுடாதே" என்று அவளுக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் உட்கார்ந்து அவள் ஊசியால் பூவின் நடுவில் குத்திக் கோத்தாள், அவர் முடிச்சுப் போட்டார். நாற்பத்தெட்டுச் சரம். அசைத்தால் தீப்பொறி உதிர்வதுபோல் இருந்தது.

முனவ்வர் பேகம் அதைக் கையில் வாங்கியதும் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அழகுதான். வாசனைக்கு நான் வழி பண்றேன்" என்று சேஹ்ராவோடு உள்ளறைக்குப் போனாள்.

அஸர் முடிந்தது. மஹபூப் பாஷா சேஹ்ராவோடு வந்து உட்கார்ந்தபோது கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது. இப்படி ஒரு நிறத்தில் சேஹ்ராவை ஒருவரும் பார்த்ததில்லை. பெண்கள் பக்கத்துத் திரையின் இடுக்கு வழியே நசீமுன்னிசா பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மாதத்து வெயிலெல்லாம் அந்த நிமிஷத்தில் இறங்கிப்போயிற்று.

மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரும் மஹர் தொகையைக் காஜி சொல்லி, சம்மதமா என்பதை "குபூலா?" என்று கேட்டார்.

"குபூ..." என்று ஆரம்பித்த மாப்பிள்ளை பலமாகத் தும்மினான். சரங்கள் பறந்து விழுந்தன. சிலர் சிரித்தார்கள். காஜி பொறுமையாக மறுபடியும் கேட்டார். மறுபடியும் தும்மல். ஒன்றல்ல, ஐந்து. மூன்றாவது தடவை கேட்டபோது 'கு' கூட வரவில்லை. பூத்திரைக்குப் பின்னால் மாப்பிள்ளை மூச்சுக்குத் திண்டாடினான்.

"பையனுக்கு இஷ்டம் இல்லையோ?" என்று பெண் வீட்டுப் பக்கத்தில் ஒரு கிழவர் உரக்கவே கேட்டுவிட்டார்.

மாப்பிள்ளையின் மாமா சடாரென்று எழுந்தார். "இஷ்டம் இல்லாமலா பேரணாம்பட்டுலேர்ந்து வந்தோம்? என்ன பூவைக் கட்டி வுட்டீங்க? காட்டுப் பூவா?"

எல்லோரும் பூவைப் பற்றிப் பேசினார்கள். நசீமுன்னிசா பயந்துபோய்ப் பெண் இருந்த அறைக்குத் திரும்பினாள். ஷஹீன் பானு அறைக்குள் தலை குனிந்து, தோள் குலுங்க உட்கார்ந்திருந்தாள். பாவம், அழுகிறாள் என்று பெண்கள் சமாதானம் சொன்னார்கள். கிட்டே போய்ப் பார்த்த நசீமுன்னிசாவுக்குத்தான் தெரிந்தது, பெண் சிரிப்பை அடக்க முடியாமல் துப்பட்டாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் நசீமுன்னிசாவுக்குப் பயம் கொஞ்சம் விட்டது. மூளை வேலை செய்யத் தொடங்கியது.

மூன்று மாதமாக நான் அந்தப் பூவுக்குள்ளேயே கிடக்கிறேன், என்று அவள் நினைத்தாள். மடியில் கொட்டிக் கோக்கிறேன். ஒரு தும்மல் வந்ததில்லை. காசிநாதண்ணனுக்கும் வரவில்லை. அப்படியானால் இந்தச் சேஹ்ராவில் மட்டும் என்ன? திரையருகே போய் மூச்சை இழுத்தாள். ஷாமியானாவின் அந்தக் கோடி வரைக்கும் அத்தர் மணத்தது.

அவள் வெளியே ஓடினாள். வாசலில் தொங்கிக்கொண்டிருந்த பன்னிரண்டு சரத்தையும் இழுத்து அறுத்தாள். ஒவ்வொன்றையும் மூன்றாக வெட்டி, நெற்றிக் கயிற்றில் முடிந்தாள். முந்தின நாள் கட்டியது, ஆனாலும் ஓர் இதழ் வாடவில்லை. உள்ளே மாப்பிள்ளைக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து அவன் குடித்து முடிப்பதற்குள் புது சேஹ்ரா தயாராகிவிட்டது. அதை அப்துல் வஹாப் கையில் திணித்தாள்.

"பழசை அவுத்து வெளியில போடுங்க. இதைக் கட்டுங்க. யார் என்ன கேட்டாலும் நிக்காதீங்க."

ஜட்காக்காரருக்குக் கூட்டத்தில் வழி எடுக்கச் சொல்லித்தர வேண்டுமா? "ஓரம், ஓரம்!" என்று ராணியை ஓட்டுவதுபோலவே கத்திக்கொண்டு போய் மாப்பிள்ளை முன் நின்றார். பழைய சேஹ்ராவைக் கழற்றியபோது மஹபூப் பாஷாவின் மூக்கு தக்காளிபோல் இருந்தது. புதியது ஏறியது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. மாப்பிள்ளை ஒரு தடவை மூக்கை உறிஞ்சினான். தும்மல் வரவில்லை.

"குபூலா?" என்றார் காஜி, கொஞ்சம் பின்வாங்கி உட்கார்ந்தபடி.

"குபூல்! குபூல்! குபூல்!" அவன் போட்ட சத்தத்தில் வெளியே ராணி கனைத்தது. ஹயாத் பாஷாவின் சிரிப்பு முதலில் கிளம்பியது, பிறகு இரண்டு வீட்டாரும் சேர்ந்து சிரித்தார்கள். எழுந்து நின்ற மாமாவும் சிரித்தபடி உட்கார்ந்தார்.

"சின்ன வயசிலேர்ந்தே எனக்கு அத்தர் ஆகாது மாமூ" என்று மாப்பிள்ளை அவரிடம் சொல்வது திரைக்கு இப்பால் கேட்டது. "முதல்லயே சொல்லக் கூச்சமா இருந்துது."

பந்தி முடிந்து பெண்கள் கலைந்த பிறகு, முனவ்வர் பேகம் நசீமுன்னிசாவைச் சமையல்கட்டுக்குப் பின்னால் கூப்பிட்டாள்.

"நசீம், யார்கிட்டயும் சொல்லாதே. அரை சீசா ஊத்திட்டேன்."

"அரை சீசாவா ஆபா?"

முனவ்வர் பேகம் கீழே பார்த்தாள். "முழுசு."

இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல் சிரித்தார்கள்.

அதற்குப்பிறகு வாணியம்பாடியிலிருந்தும் ஆள் வந்தது. பேர் தெரியாத பூவை விற்க முடியாது என்று காசிநாதன் வீட்டுக்கு வீடு ஒரு பேர் சொன்னார். ஒரு தெருவில் சீமைச் சாமந்தி, இன்னொரு தெருவில் சரிகைப்பூ. கோயிலுக்கு மாலை கட்டுகிறவர்களும் வாங்கத் தொடங்கினார்கள். நசீமுன்னிசா பறிப்பதற்கு இரண்டு பெண்களைக் கூலிக்கு வைத்துக்கொண்டாள்.

ஆவணியில் ஒருவழியாக மழை வந்தது. நாலு நாள் விடாமல் கொட்டியது. ஊரே தெருவில் இறங்கி நனைந்தது, நசீமுன்னிசாவும் நனைந்தாள். பிறகு கல்லாங்குத்துக்குப் போய்ப் பார்த்தபோது பள்ளத்தில் நின்ற செடிகள் எல்லாம் கறுத்து அழுகியிருந்தன. பட்டைச் சக்கை மேட்டின் சரிவில் இருந்தவை மட்டும் தப்பியிருந்தன. அவள் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு அழுகியதைப் பிடுங்கிப்போட்டாள். வருத்தம்தான். ஆனால் மழையைப் பார்த்து வருத்தப்பட அந்த வருஷம் யாருக்கும் மனசு வரவில்லை.

கார்த்திகையில் மல்லிகை மறுபடியும் தலைகாட்டியது. அதே மாதத்தில் பேரணாம்பட்டிலிருந்து கடிதம் வந்தது. மஹபூப் பாஷாவின் தம்பிக்குக் கல்யாணம், சேஹ்ரா நசீமுன்னிசாதான் கட்ட வேண்டும், வண்டி அனுப்புகிறோம் என்று ஷஹீன் பானு எழுதியிருந்தாள். ஹயாத் பாஷா அதைப் படித்துக் காட்டினார்.

"வண்டி எதுக்கு? நம்மகிட்ட இல்லாத வண்டியா?" என்றார் அப்துல் வஹாப் ரோஷத்தோடு.

ஆம்பூரைத் தாண்டிப் பூக்கட்டப் போவது அவளுக்கு அதுதான் முதல் தடவை. விடிந்ததும் புறப்பட்டார்கள். மல்லிகை ஒரு கூடை, சிவப்பு ஒரு கூடை, இரண்டையும் காலடியில் வைத்துக்கொண்டாள். மழைக்குப் பிறகு பாதை குண்டும் குழியுமாக இருந்தது. வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது அவள் தலை கூரையில் இடித்தது.

"மெதுவாப் போங்க!" என்று அவள் கத்தினாள்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மாதிரி அதட்டாதே" என்றார் அவர். ராணி காதை விறைத்துக்கொண்டு பேரணாம்பட்டுச் சாலையில் ஓடியது.